இளைத்தலும் இளைப்பும்

தமிழில் 'இளைத்தல்' என்னும் வினை இரண்டு பொருள்களைச் சுமக்கிறது. 'பிள்ளை இளைத்துவிட்டான்' என்று தாய் சொன்னால் உடல் மெலிந்துவிட்டது என்று பொருள். 'படி ஏறினால் இளைக்கிறது' என்று பெரியவர் ஒருவர் சொன்னால் மூச்சு வாங்குகிறது என்று பொருள். 'இளைப்பு' என்னும் பெயர்ச்சொல்லோ மெலிவு, களைப்பு, மூச்சுத்திணறல் ஆகிய மூன்றையும் ஒருங்கே குறித்து நிற்கிறது. ஈளை, இரைப்பு, சுவாசகாசம் என நோய்களைப் பிரித்துச் சொல்ல வேறு சொற்கள் இருந்தபோதும், ஊர்ப்பேச்சில் இளைப்புக்கு உள்ள இடம் தனி.

ஒரு மொழி இவ்விரு நிலைகளையும் ஒரே சொல்லில் வைத்திருப்பது தற்செயலாக இருக்க முடியாது என்றே எண்ணுகிறேன். பசித்தவன், நோயுற்றவன், சேற்றில் நாள் முழுதும் குனிந்து நின்று நாற்று நட்டவள் ஆகியோரே மெலிந்தார்கள். அவர்களுக்கே மூச்சும் வாங்கியது. உடல் உருகுவதும் மூச்சு தளர்வதும் அவர்கள் வாழ்வில் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்கள். பருத்தவருக்கும் மூச்சு வாங்கும் என்பது அச்சொல்லின் கணக்கில் வரவில்லை.

இன்றோ தஞ்சாவூரில் எந்த மருத்துவமனை வாசலிலும் சற்று நேரம் நின்றால் வேறொரு காட்சியைக் காணலாம். படியேறி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு இளைப்பாறுபவர்களில் பலர் பருத்த உடல் கொண்டவர்கள். 'இளைத்தால் இளைப்புத் தீரும்' என்று மருத்துவர் அவர்களிடம் சொல்கிறார். அதற்காக இரைப்பையையே வெட்டிச் சுருக்கும் அறுவைச் சிகிச்சையும் வந்துவிட்டது. பழைய சொல்லின் இரு பொருள்களும் இப்போது எதிரெதிராக நிற்கின்றன.

காவிரிப் படுகையின் இலக்கியமும் மருத்துவமும் பருத்த உடலின் மூச்சுத்திணறலை வெகு காலத்துக்கு முன்பே அறிந்திருந்தன. ஆயினும் சமூகம் அதை ஒரு துன்பமாகக் காது கொடுத்துக் கேட்கவில்லை. முதலில் அது செல்வத்தின் அடையாளமாக மதிக்கப்பட்டது. பிறகு நகைப்புக்கு உரியதாயிற்று. இன்று தனிமனிதரின் குற்றமாகப் பார்க்கப்படுகிறது. அந்த வரலாற்றைச் சுருக்கமாகப் பின்தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

சோழநாட்டைச் சோற்றால் அடையாளம் காட்டுவது தமிழ் மரபு. அந்தச் சோற்றின் மறுபக்கத்தையும் நமக்கு முதலில் காட்டுவது ஒரு சோழநாட்டுப் பாட்டே. பத்துப்பாட்டுள் இரண்டாவதாக வைக்கப்பட்டிருக்கும் பொருநராற்றுப்படை, கரிகால் வளவனைப் பற்றி முடத்தாமக்கண்ணியார் பாடியது. பசியால் வாடிய பொருநன் ஒருவன், கரிகாலனிடம் பரிசில் பெற்று மீளும் மற்றொரு பொருநனை வழியில் சந்திக்கிறான். பரிசில் பெற்றவன் தான் கண்ட விருந்தை விவரிக்கிறான். ஈரும் பேனும் குடியேறிய கந்தலோடு அரண்மனைக்குள் சென்றவனுக்கு மெல்லிய பட்டாடை கிடைக்கிறது, கள் கிடைக்கிறது, வேகவைத்த இறைச்சியும் சுட்ட இறைச்சியும் கிடைக்கின்றன. சூடு தாங்காமல் வாயின் இருபுறமும் மாற்றி மாற்றித் தின்கிறான். பின்பு நல்லரிசிச் சோறு வருகிறது. பகலும் இரவுமாக ஊன் தின்றதில், உழுது உழுது தேய்ந்த கலப்பைக் கொழுவைப் போலப் பற்கள் மழுங்கிவிடுகின்றன. அப்போதுதான் அந்த வியப்பான இடம் வருகிறது. மூச்சு விடவும் இடமில்லாமல், உணவையே வெறுத்துப்போய், ஒரு நாள் ஊருக்குப் போக விடை கேட்கிறான்.

உரையாசிரியர்கள் இதை வள்ளன்மையின் மிகுதியாகக் கண்டார்கள். அது சரியே. ஆனால் பாட்டை இன்னொரு முறை படிக்கும்போது, வயிறு நிறைந்து மூச்சுக்கு இடமில்லாமல் போகும் உடல்நிலையை ஒரு புலவர் எவ்வளவு துல்லியமாகக் கவனித்திருக்கிறார் என்பதும் தெரிகிறது. வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும்போது நுரையீரல் விரிய இடம் குறைகிறது என்பதே இன்றைய உடலியலின் விளக்கம். 'இடம்' என்ற அளவிலேயே சங்கப் புலவரும் அதைச் சிந்தித்திருக்கிறார். பசியால் வாடியவனும் உண்டு திணறியவனும் ஒரே பாட்டில் எதிரெதிரே நின்று பேசிக்கொள்வதும் கவனிக்கத்தக்கது. காவிரி நாட்டின் பிற்கால வரலாறு முழுவதிலும் இவ்விருவரும் அருகருகேதான் வாழ்ந்தார்கள்.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் (95) இதே கவனத்தை அறிவுரையாக மாற்றியது. முன்பு உண்டது செரித்ததை அறிந்து உண்பவனுக்கு மருந்தே வேண்டாம் என்பதும், பசியின் அளவறியாமல் மிக உண்பவனிடம் நோய் தங்கும் என்பதும் அவ்வதிகாரத்தின் சாரம். நோயின் காரணத்தை உண்பவனின் கையில் வைத்த பார்வை இது. அறநூலுக்கு அது பொருத்தமே. ஆனால் பின்வந்தவர்கள் பருத்த உடலைக் கண்டவுடனே 'அளவறியாதவன்' என்று தீர்ப்பெழுதவும் அது எளிதாகக் கைகொடுத்தது.

*

மருத்துவ நூல்கள் இன்னும் நெருங்கிப் பார்த்தன. உடல் மிகப் பருத்தலையும் மிக மெலிதலையும் ஒருங்கே வைத்து இகழத்தக்க உடல்நிலைகளாகப் பேசுகிறது சரக சம்ஹிதை. இரண்டுள் மெலிவே தேவலை என்றும், பருமனுக்கு மருத்துவம் செய்வது கடினம் என்றும் அது கூறுகிறது. சுச்ருத சம்ஹிதை, கொழுப்பு மிகுந்தவருக்கு வரும் துன்பங்களைப் பட்டியலிடும்போது சிறுமூச்சு, தாகம், மிகுபசி, அடங்காத உறக்கம், வியர்வை, உறக்கத்தில் மூச்சு அடைபட்டு ஒலித்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றைச் சேர்த்தே சொல்கிறது. ஏறத்தாழ இதே பட்டியல் பின்னர் மாதவகரரின் நோய்க்குறி நூலிலும் இடம்பெற்றது. மூச்சு வாங்குதல், பகலுறக்கம், குறட்டையில் மூச்சு தடைப்படுதல் ஆகிய மூன்றும் ஒரே நோயின் கூறுகள் என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள். மேலை மருத்துவம் இம்மூன்றையும் ஒரு பெயரின்கீழ்க் கொண்டுவர 20-ஆம் நூற்றாண்டு ஆயிற்று.

இந்த அறிவு தஞ்சைக்கு அயலானதன்று. குந்தவை தன் தந்தை சுந்தர சோழன் பெயரால் தஞ்சையில் அமைந்த ஆதுலர் சாலைக்கு நிலக்கொடை அளித்தாள். காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் உள்ள வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலர் சாலையைப் பற்றிப் பேசுகிறது. அதில் மருத்துவரோடு 'சல்லியக்கிரியை பண்ணுவான்' ஒருவனுக்கும் ஊதியம் ஒதுக்கப்பட்டிருந்தது. கத்தி பிடிக்கும் மருத்துவன் சோழர் கணக்கில் 11-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தான் என்பது இதனால் விளங்கும்.

மராட்டியர் காலத்தில் இரண்டாம் சரபோஜி (ஆட்சிக்காலம் 1798-1832) தன்வந்திரி மகாலை நடத்தினார். சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஐரோப்பிய மருத்துவம் ஆகிய நான்கிலும் வல்லவர்கள் அங்கே இருந்தார்கள். அங்குத் திரட்டப்பட்ட முறைகள் தமிழ்ப் பாடல்களாக எழுதப்பட்டன. அவையே பிற்காலத்தில் சரசுவதி மகால் நூலகத்தின் வழியாகச் 'சரபேந்திர வைத்திய முறைகள்' என அச்சேறின. சரபோஜியின் காலத்தில் கண்ணுக்கு மருத்துவம் பெற்றவர்களின் நோய்க்குறிப்புகள் கண்ணின் வண்ணப் படங்களோடு எழுதப்பட்டன என்பது பலரும் அறிந்தது. நோயாளி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குறிப்பு எழுதுவது, அவர் சொல்வதைக் கேட்பதற்கான முதல் ஒழுங்கு. மூச்சு வாங்கும் பருத்த உடலுக்கு அப்படியொரு குறிப்பேடு வெகுகாலம் வாய்க்கவில்லை. அதற்குக் காரணம் மருத்துவத்தில் இல்லை, சமூகத்தில் இருந்தது.

*

தஞ்சை மண்ணில் பருமன் என்பது நிலவுடைமையின் முத்திரை. வயலில் இறங்காதவனுக்கே வயிறு வைக்கும். மிராசுதாரின் உடலைக் குறிக்க ஊர் வைத்திருந்த சொற்களைப் பாருங்கள்: 'பூசினாற் போன்ற உடம்பு', 'இரட்டை நாடிச் சரீரம்', 'வாட்டசாட்டம்'. ஒவ்வொன்றிலும் மரியாதை ஒட்டியிருக்கிறது. நாலு அடி நடந்து அவர் மூச்சு வாங்கினால், விசிறிக்கு ஆள் வரும், வண்டி பூட்டப்படும். அவரது இளைப்பைச் சுமக்க மற்றவர்களின் உழைப்பு இருந்தது. ஆகவே அது நோயாகத் தெரியவில்லை.

'கொழுப்பு' என்ற சொல்லின் பயணம் இதைவிடச் சுவையானது. கொழுப்பு உடலில் உண்மையாகவே தேங்கியிருந்தவரை நோக்கி அச்சொல் பெரும்பாலும் வீசப்படவில்லை. கூலி கூடக் கேட்ட ஒட்டிய வயிற்றுக்காரனைப் பார்த்தே 'கொழுப்பெடுத்துப் போச்சா?' என்று கேட்டார்கள். எதிர்த்துப் பேசிய மருமகளுக்கும், பள்ளியில் கேள்வி கேட்ட பையனுக்கும் அதே சொல்தான். உடலில் கொழுப்பே இல்லாதவர்களைத் திட்டுவதற்குக் கொழுப்பு என்னும் சொல் பயன்பட்டது என்பது நம் சமூக அமைப்பைப் பற்றி நிறையச் சொல்கிறது.

மானிடவியலாளர் கேத்லீன் கஃப் 1951 முதல் 1953 வரை தஞ்சை மாவட்டக் கிராமங்களில் தங்கி ஆய்வு செய்தார். நிலம் உடையோர், குத்தகையாளர், பண்ணையாட்கள் எனச் சாதியோடு பிணைந்து கிடந்த அடுக்குகளை அவர் விரிவாகப் பதிவு செய்தார். யார் எதை எவ்வளவு உண்டார்கள் என்பதும் அந்த அடுக்கின்படியே அமைந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 தலித் மக்கள் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதன் பின்னணியில் இருந்தது கூலியாக அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட போராட்டம். நெற்களஞ்சியத்தின் நடுவே அரைப்படி நெல்லுக்காக உயிர்கள் போன காலத்தில், மிகுதியாக உண்பதால் வரும் நோயைப் பற்றி யார் பேசியிருக்க முடியும்? பேசினாலும் யார் இரங்கியிருப்பார்கள்? இந்தக் கேள்வியை நேர்மையாக எதிர்கொள்ளாமல் பருமனின் வரலாற்றை இங்கே எழுத முடியாது. பருத்த உடலின் மீது நம் ஊரில் இன்றும் இரக்கம் சுரக்காததற்கு, அந்தப் பழைய அநீதியின் நினைவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

*

மேலை உலகில் அதே உடலுக்குக் கிடைத்தது பெரும்பாலும் சிரிப்பு. கருங்கடல் கரையிலிருந்த ஹெராக்ளியா நகரை கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் ஆண்ட டயோனிசியஸ் மிகப் பருத்தவன். உறக்கத்தில் அவன் மூச்சு அடைத்துக்கொள்ளும் என்றும், மருத்துவர்கள் நீண்ட ஊசிகளால் அவன் உடலைக் குத்தி எழுப்பினார்கள் என்றும் கிரேக்க எழுத்தாளர்கள் வேடிக்கையாக எழுதி வைத்தார்கள். 10-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் பகுதியின் லியோன் அரசன் சாஞ்சோவுக்குப் பருமனாலேயே அரியணை போயிற்று. குதிரை ஏற முடியாத அரசனை அவனுடைய பிரபுக்கள் விரும்பவில்லை. அவன் கார்தோபாவுக்குச் சென்று, ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத் என்னும் யூத மருத்துவரிடம் சிகிச்சை பெற்று, மெலிந்து திரும்பி நாட்டை மீட்டான். நம் மிராசுதாருக்கு உடல் அதிகாரத்தின் சின்னம். சாஞ்சோவுக்கு அதுவே அதிகாரத்தின் இழப்பு.

1836-37-இல் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் ஜோ என்றொரு பருத்த பையன் வருகிறான். வேலைக்காரச் சிறுவன். எப்போதும் தின்கிறான்; வண்டியில் உட்கார்ந்தபடி, ஏவல் செய்துகொண்டிருக்கும்போதே உறங்கிவிடுகிறான்; குறட்டை விடுகிறான். வாசகர்கள் சிரித்தார்கள். 120 ஆண்டுகளுக்குப் பிறகு, 1956-இல், அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து மருத்துவர் பர்வெலும் அவருடைய தோழர்களும் ஒரு நோயாளியைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். மிகப் பருத்த அந்த வணிகர், சீட்டாட்டத்தில் மூன்று ஏஸும் இரண்டு ராஜாவும் கையில் வந்திருந்தபோது, அதை இறக்கி வெல்லாமல் உறங்கிப்போனார். தனக்கு ஏதோ பெரிய கோளாறு என்று அவருக்கே அப்போதுதான் உறைத்தது. பரிசோதித்தபோது அவருடைய நுரையீரல் போதிய காற்றை மாற்றாமல் இரத்தத்தில் கரியமில வாயு தேங்கியிருந்தது தெரிந்தது. உணவைக் குறைத்து எடை இறங்கியதும் நிலை தேறியது. டிக்கன்ஸின் சிறுவனை நினைவில் கொண்டு அந்நோய்க்கு 'பிக்விக் நோய்க்குறி' என்றே பெயரிட்டார்கள். நாவலில் நகைச்சுவையாக இருந்தது மருத்துவ ஏட்டில் நோயாக ஏறிய தருணம் அது.

தமிழ்த் திரையும் இந்தச் சிரிப்பில் பின்தங்கவில்லை. 'குண்டு' என்னும் சொல் நடிகரின் பெயரோடு அடைமொழியாக ஒட்டிக்கொண்டது. பருத்தவர் ஓடினால் சிரிப்பு. மூச்சு வாங்கினால் அதைவிடப் பெரிய சிரிப்பு. உட்கார்ந்த நாற்காலி உடைந்தால் கொட்டகையே அதிரும். மிராசுதாரின் இளைப்பை மரியாதை மறைத்தது போல, நகைச்சுவை நடிகரின் இளைப்பைக் கைத்தட்டல் மறைத்தது.

இளைப்பின் காரணத்தை மருத்துவம் மெல்ல மெல்லத்தான் விளங்கிக்கொண்டது. நெஞ்சுக்கூட்டின் மீதும் வயிற்றுக்குள்ளும் சேரும் கொழுப்பு, ஒவ்வொரு மூச்சையும் ஒரு சுமைதூக்கும் வேலையாக்கிவிடுகிறது. மூச்சை வெளிவிட்ட பின் நுரையீரலில் எஞ்சும் காற்றின் அளவு குறைகிறது. அடிப்பகுதியின் சிறு காற்றுக்குழாய்கள் மூடிக்கொள்கின்றன. மல்லாந்து படுத்தால் நிலை இன்னும் மோசமாகும். ஆகவேதான் மிகப் பருத்தவர் பலர் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே உறங்குகிறார்கள். உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி அடைபடுவதை 1965-இல் பிரான்சிலும் ஜெர்மனியிலும் ஆய்வாளர்கள் தனித்தனியே பதிவு செய்தார்கள். முகமூடி வழியாகக் காற்றை அழுத்திச் செலுத்தி அந்த வழியைத் திறந்து வைக்கும் கருவியை 1981-இல் சிட்னி மருத்துவர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்தினார்.

*

கத்தியின் கதை இதற்கு இணையாக நடந்தது. 1954-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கிரெமென், லின்னர் ஆகியோர் சிறுகுடலின் பெரும்பகுதியை உணவு தொடாதபடி தொடக்கத்தையும் முடிவையும் இணைத்துத் தைக்கும் முறையைப் பதிவு செய்தார்கள். எடை வேகமாக இறங்கியது. ஆனால் ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், கல்லீரல் சிதைவு ஆகியன பின்தொடர்ந்தன, அம்முறை கைவிடப்பட்டது. 1966-இல் அயோவாவில் எட்வர்டு மேசன் இரைப்பையைச் சுருக்கிக் குடலோடு மாற்றி இணைக்கும் முறையைத் தொடங்கினார். 1994-இல் அதே சிகிச்சை சிறு துளைகள் வழியாகச் செய்யப்பட்டது. இன்று பரவலாகச் செய்யப்படும் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் நீக்கப்பட்டு, வாழைப்பழம் போன்ற ஒரு குழாய் மட்டும் விடப்படுகிறது. பசியைத் தூண்டும் சுரப்பு ஒன்றும் அதனால் குறைகிறது.

இந்தக் கடைசி முறை பிறந்த விதம் நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. பெரிய அறுவையைத் தாங்க முடியாத அளவுக்குப் பருத்து, மூச்சும் இதயமும் தளர்ந்தவர்களுக்காகவே அது முதற்கட்டமாக வகுக்கப்பட்டது. முதலில் இதைச் செய்து கொஞ்சம் எடை இறங்கட்டும், பிறகு பெரிய அறுவையைச் செய்யலாம் என்பது திட்டம். பலருக்கு முதற்கட்டமே போதுமானதாகத் தெரிந்ததால் அது தனிச் சிகிச்சையாக நிலைத்தது. மல்லாந்து படுக்கவே முடியாத ஒருவரை மேசையில் மல்லாத்தி மயக்க மருந்து கொடுப்பது எளிதன்று. மூச்சுக்காகச் செய்யும் சிகிச்சையின் பெரிய இடர்களுள் ஒன்றும் மூச்சுதான்.

பலன் உண்டா? சுவீடனில் 1987-இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வு ஒன்று இதைப் படியேற்றத்தால் அளந்தது. அறுவை செய்துகொள்ளவிருந்தவர்களில் இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றவர்கள் 87 விழுக்காட்டினர். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவ்வாறு சொன்னவர்கள் 19 விழுக்காட்டினரே. அறுவை இல்லாமல் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களிடம் இது 69-இலிருந்து 57-ஆக மட்டுமே குறைந்தது. எத்தனை கிலோ குறைந்தது என்ற எண்ணைவிட இந்த எண்களே எனக்குப் பெரிதாகப் படுகின்றன. அவை நோயாளியே சொன்ன விடைகளிலிருந்து பிறந்தவை.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தையல் கசியலாம், இரத்தம் உறைந்து நுரையீரலை அடைக்கலாம். வாழ்நாள் முழுதும் இரும்புச்சத்தும் வைட்டமின்களும் எடுத்துக்கொள்ள வேண்டும். சிலருக்கு எடை மீண்டும் ஏறும். எடை இறங்கியும் உறக்கத்தில் மூச்சடைப்பு முழுதாக நீங்காதவர்களும் உண்டு. 2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சைக்காகச் சென்னைக்கு வந்து உயிரிழந்த செய்தி தமிழகத்தை உலுக்கியது. 'முன்பு, பின்பு' என்று இரண்டு படங்களை அடுத்தடுத்து வைத்து அழகை விற்கும் விளம்பரங்களில் இந்த இடர்கள் இடம்பெறுவதில்லை. அந்தப் படங்களில் இடுப்பின் சுற்றளவு தெரிகிறது, மூச்சு தெரிவதில்லை.

*

இனி நம் படுகைக்குத் திரும்புவோம். மேட்டூர் அணை 1934-இல் திறக்கப்பட்டது. தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் 1960-இல் தஞ்சைக்கு வந்தது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் குறுகிய கால நெல் வகைகள் அதே பத்தாண்டில் பரவின. இரு போகம் பெருகிற்று. பின்பு டிராக்டரும் நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் குனிந்து நிமிரும் வேலையில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டன. 2011 முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. அரைப்படிக்காக உயிர் போன மண்ணில் பசி தணிந்தது பெரிய சாதனை. அதை எவரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் தட்டில் சோறு மலையாக நிற்க, பருப்பும் காயும் மீனும் ஓரத்திலேயே நிற்கின்றன. உழைப்பு குறைந்த உடலில் அந்தச் சோறு வயிற்றைச் சுற்றியே சேர்கிறது.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் மிகை எடை கொண்ட பெண்கள் 2015-16-இல் 30.9 விழுக்காடு, 2019-21-இல் 40.4 விழுக்காடு. ஆண்களிடம் அது 28.2-இலிருந்து 37-ஆக உயர்ந்தது. 'இரட்டை நாடி' இப்போது மிராசுதாரின் தனிச்சொத்தன்று. முன்னாள் பண்ணையாளின் பேத்தி, பேருந்து நடத்துநர், சத்துணவுக் கூடத்தில் அடுப்பருகே நிற்கும் பெண் என எல்லோரிடமும் அது வந்துவிட்டது. ஆனால் மிராசுதாருக்கு இருந்த விசிறியும் வண்டியும் இவர்களுக்கு இல்லை. தம் இளைப்பைத் தாமே சுமந்துகொண்டு வேலைக்குப் போகிறார்கள். மரியாதைச் சொற்கள் மறைந்து 'வாயைக் கட்டு' என்ற அறிவுரை மட்டும் மிஞ்சியது. தனியார் மருத்துவமனையில் சில இலட்சங்கள் கேட்கும் அறுவையோ அவர்களில் பலருக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

இதில் பெண்களின் நிலையைத் தனியே சொல்ல வேண்டும். அதே ஆய்வு, தமிழகப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள் என்கிறது. பருத்த உடலும் சோகை பிடித்த இரத்தமும் ஒருவரிடமே அமையலாம். படியேறும்போது அவருக்கு மூச்சு வாங்கினால், 'குண்டாக இருக்கிறாய், அதனால்தான்' என்று வீடும் சொல்லும். சில வேளை மருத்துவரும் சொல்வார். இதயத்தின் தளர்ச்சியும் நுரையீரல் நோயும் சோகையும் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன. அங்கே தெரியாத மெலிவு ஒன்று பருமனுக்குள் ஒளிந்திருக்கிறது. நம் பழைய சொல் இரண்டையும் சேர்த்து வைத்திருந்தது ஒருவகையில் சரிதான் போலும்.

2004-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, ஆசிய உடல்களுக்குக் குறைந்த எடையிலேயே கேடு தொடங்குகிறது என்று கூறி, அவற்றுக்கெனத் தனி அளவுகளை முன்வைத்தது. 2022-இல் அறுவைச் சிகிச்சைக்கான பன்னாட்டு நெறிகளும் ஆசியர்களுக்குத் தனி அளவு சொல்லின. 2025 ஜனவரியில் லான்செட் இதழின் வல்லுநர் ஆணையம் அதைவிட ஒரு படி மேலே சென்றது. எடையும் உயரமும் சேர்ந்த கணக்கை மட்டும் வைத்து ஒருவரை நோயாளி என்று சொல்லக் கூடாது. உறுப்புகளின் வேலை கெட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றது. அதற்கான அடையாளங்களில் மூச்சு வாங்குதலும் உறக்கத்தில் மூச்சடைபடுதலும் இடம்பெற்றன. சுச்ருதரின் பட்டியலுக்கு மருத்துவம் வேறு வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. எடையைக் குறைக்கும் ஊசி மருந்தான டிர்செபடைடுக்கு, பருமனோடு வரும் உறக்க மூச்சடைப்புக்காகவே 2024 டிசம்பரில் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. அம்மருந்து 2025 மார்ச்சில் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தது. கத்தியா ஊசியா என்ற விவாதம் இனி நீளும். இரண்டும் யாருக்குக் கிடைக்கும் என்ற கேள்வியும் அதோடு நீள வேண்டும்.

தஞ்சையின் பழைய பெரிய மருத்துவமனைக்கு 'இராசா மிராசுதார் மருத்துவமனை' என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அரச குடும்பமும் மிராசுதார்களும் தந்த கொடையால் எழுந்தது என்பதை அப்பெயரே சொல்கிறது. அவர்கள் பெயர் தாங்கிய கட்டடத்தின் வரிசைகளில் இன்று நிற்பவர்கள் அவர்களுடைய வயல்களில் உழைத்தோரின் பேரப்பிள்ளைகள். வரலாறு அவர்களிடம் மிராசுதாரின் நோயைச் சேர்த்திருக்கிறது. அதற்குரிய சிகிச்சையையும் பொதுமருத்துவமனை வழியாகச் சேர்ப்பதுதான் முறை. அதற்கு முன்பே, செலவில்லாத ஒரு வேலையை நாம் அனைவரும் செய்யலாம். அடுத்த முறை ஒரு பருத்த உறவினர் படிக்கட்டின் திருப்பத்தில் நின்றால், அவர் உடம்பைப் பற்றிப் பேசாமல், 'எத்தனை நாளாக இப்படி இளைக்கிறது? படுத்தால் கூடுகிறதா? இரவில் திடுக்கிட்டு விழிக்கிறீர்களா?' என்று கேட்கலாம். சரபோஜியின் வைத்தியரும் அப்படிக் கேட்டுத்தான் குறிப்பு எழுதத் தொடங்கியிருப்பார்.